பார்பிக்யூ பார்சலுக்கு ஐம்பது நிமிடம் நின்றவருக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் உங்கள் வீட்டுக்குப் பத்துப் பேர் சாப்பிட வந்தார்கள். பக்கத்தில், விறகுப் புகையில் இறைச்சி வேக வைத்து விற்கும் ஒரு பார்பிக்யூ கடையில் மூன்று பவுண்டு பிரிஸ்கெட் என்ற மாட்டிறைச்சி, இரண்டு பவுண்டு வான்கோழி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட் என்று ஆன்லைனில் சொல்லி, 18 சதவீத டிப்பும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டீர்கள். வந்தவர்களில் மூன்று பேர் மதக் காரணத்தால் மாடும் பன்றியும் தொடாதவர்கள், வான்கோழி அவர்களுக்காகச் சொன்னது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தயார் என்று செய்தி வந்தது. ஆறு மணிக்கே போய்விட்டீர்கள். பை கைக்கு வந்தபோது ஆறு ஐம்பது. நடுவில் இரண்டு தடவை கேட்டீர்கள். கவுன்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே "வரும்" என்றார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் வான்கோழிக்குப் பதிலாக சாஸேஜ். பீன்ஸ் இல்லை. பிரிஸ்கெட் ஆறிப்போயிருந்தது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. இந்தக் கடைகள் எல்லாமே இப்படித்தானா, அங்கேயே என்ன செய்திருக்க வேண்டும், இப்போது என்ன கேட்கலாம் என்று கேட்கிறீர்கள்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. தாமதம் ஒன்று. தாமதத்தைப் பற்றி யாரும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதது இன்னொன்று. தாமதத்துக்குப் பார்பிக்யூ என்ற தொழிலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. வாய் திறக்காமல் இருந்ததற்கு எந்தக் காரணமும் கிடையாது. இது புரிந்துவிட்டால் எதைக் கேட்பது, எதை விடுவது என்று உங்களுக்கே தெளிவாகிவிடும்.

ஆஸ்டினுக்கு வெளியே ஒரு பார்பிக்யூ கடையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் கவுன்டரில் நின்று பார்சல் கட்டினேன். அப்புறம் கத்தியைக் கொடுத்தார்கள், மூன்று வருடம் இறைச்சி வெட்டினேன். அதனால் நீங்கள் நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து இதைச் சொல்கிறேன்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்புப் பகுதி. நாள் முழுக்க உடம்பைத் தாங்கி உழைக்கிற தசை என்பதால் கடினமானது. அதை 225 முதல் 275 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் ஓக் விறகின் புகையில் பத்து, பன்னிரண்டு, சில நாள் பதினான்கு மணி நேரம் வைத்தால்தான் உள்ளே இருக்கும் சவ்வு கரைந்து ஜெலட்டினாக மாறும். உள்ளே 200 டிகிரியைத் தாண்டும்போது பதம் வரும். தெர்மாமீட்டர் ஊசி வெண்ணெய்க்குள் இறங்குவது போல இறங்க வேண்டும், அதுதான் எங்களுக்கு அடையாளம். எடுத்ததும் வெட்ட முடியாது. தாளில் சுற்றி, 140 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும் வார்மரில் சில மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். காலை 11 மணிக்குக் கடை திறக்க வேண்டுமானால் முந்தின நாளே அடுப்பு மூட்டியாக வேண்டும். சனிக்கிழமை மாலை எத்தனை பிரிஸ்கெட் இருக்கும் என்பது வெள்ளிக்கிழமையே முடிவாகிவிடுகிறது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், தோசை மாதிரி இன்னொன்று ஊற்ற முடியாது. பார்பிக்யூ கடை வாசலில் "தீர்ந்துவிட்டது" என்ற பலகை தொங்குவதை டெக்சஸில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனை மணி நேரம் பொறுத்த இறைச்சி, வெட்டிய பிறகு பொறுக்காது. இதுதான் பார்சலின் சிக்கலே. வெட்டிய துண்டின் மேல் இருக்கும் பளபளப்பு சில நிமிடங்களில் மங்கும். கால் மணி நேரத்தில் ஓரம் உலரும், நிறம் சாம்பலாகும். மூடிய நுரைப் பெட்டிக்குள் போட்டால் ஆவி கிளம்பி, மேலே இருக்கும் கருத்த மிளகுத் தோட்டை ஊற வைத்துவிடும். அந்தத் தோட்டுக்குத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். அதனால் நல்ல கடை எதுவும் உங்கள் பார்சலை அரைமணி முன்னதாகக் கட்டி அலமாரியில் வைக்காது. நீங்கள் வந்த பிறகுதான் கத்தி எடுக்கும். ஆறு மணிக்குப் போனால் ஆறே காலுக்குக் கிடைப்பது இயல்பு. அந்தக் கால் மணி நேரத்துக்குக் கோபப்பட வேண்டாம், அது உங்கள் நாக்குக்காக நடக்கிற வேலை.

மீதி முப்பத்தைந்து நிமிடம் வேறு கதை.

பெரும்பாலான கடைகளில் வெட்டுப் பலகை ஒன்று, கூட்ட நாளில் இரண்டு. அந்த ஒரு கத்திக்கு மூன்று பக்கத்தில் இருந்து ஆர்டர் வருகிறது. எதிரே வரிசையில் நிற்கிறவர்கள். ஆன்லைனிலும் போனிலும் சொன்னவர்கள். அப்புறம் டெலிவரி செயலிகளின் ஓட்டுநர்கள். வரிசையில் நிற்பவருக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, நாலு அடி தூரத்தில் நிற்கிறார். பிரிண்டரில் இருந்து வந்து தொங்கும் சீட்டுக்கு இதெல்லாம் இல்லை. வெட்டுகிறவர் கை தானாக எதிரே நிற்பவர் பக்கம் போகும். நான் பலகையில் நின்ற முதல் மாதம், ஒரு சீட்டு என் இடது தோளுக்கு மேலே நாற்பது நிமிடம் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. யாராவது ஒருவர் பார்சல் சீட்டுகளுக்கு மட்டும் பொறுப்பாக நின்று, "இப்போது இது, அடுத்து அது" என்று வெட்டுகிறவர் காதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத கடையில்தான் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் சாப்பிட்டதும் இதனால்தான். அவர்களுக்கு முன்னுரிமை தருகிறோம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. உங்கள் சீட்டைக் கவனிக்க ஆள் போடாதது கடை எடுத்த முடிவு, அதற்கு கடைதான் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. ஆறு மணிக்குத் தயார் என்று செய்தி அனுப்பியது மென்பொருள். வரிசையில் அறுபது பேர் நிற்பதும், பிரிஸ்கெட் நான்குதான் மிச்சம் என்பதும் அதற்குத் தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது நின்றபோது எங்களைப் போன்ற கடைகள் ஒரே வாரத்தில் ஆன்லைனுக்கும் கார் ஜன்னலில் பை கொடுப்பதற்கும் மாறின. அப்போது அது அழகாக ஓடியது, ஏனென்றால் வேறு வரிசை இல்லை. அப்புறம் கதவைத் திறந்தார்கள், பழைய வரிசை திரும்பி வந்தது. புதிய வரிசை போகவில்லை. கத்தி மட்டும் அதே ஒன்று. நிறையக் கடைகள் இன்னும் இதைச் சரிசெய்யவில்லை.

இதில் எனக்கு வருத்தமான விஷயம், நடு டெக்சஸ் பார்பிக்யூ பிறந்ததே பார்சலாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடு டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் இறைச்சிக் கடை வைத்தார்கள். விற்காமல் நின்ற இறைச்சியைப் புகையில் போட்டுச் சமைத்து, கடையில் இறைச்சி சுற்றும் அதே பழுப்புத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் வாங்கிப் போய் கையாலேயே சாப்பிட்டார்கள். தட்டும் இல்லை, முள்கரண்டியும் இல்லை. எல்ஜினில் இருக்கும் சவுத்சைட் மார்க்கெட் 1882 முதலும், லாக்ஹார்ட்டில் இருக்கும் க்ரூட்ஸ் மார்க்கெட் 1900 முதலும் இருக்கின்றன. இன்றைக்குப் பெரிய கடைகளில் அலுமினியத் தட்டில் விரித்துக் கொடுக்கும் அந்தத் தாள், பார்சல் கட்டிய தாள்தான். பார்சல் வாங்க வருகிறவரை இரண்டாம்தர வாடிக்கையாளராக நடத்தும் பார்பிக்யூ கடை தன் பாட்டன் தொழிலை மறந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

சரி, கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காததற்கு வருகிறேன். அவருக்கு உங்களிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இருந்திருக்கலாம். வெட்டுகிறவரிடம் போய்க் கேட்டால் அவர் எரிந்து விழுவார், மேனேஜர் எங்கேயோ இருப்பார். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். டெக்சஸில் குறைந்தபட்சக் கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர்தான், 2009 முதல் மாறவில்லை. டிப் வாங்கும் வேலை என்று கணக்கு வைத்தால் 2.13 டாலர் கொடுத்து, மீதியை டிப்பில் ஈடுகட்டச் சட்டம் விடுகிறது. அந்தத் தொகை 1991 முதல் அப்படியே இருக்கிறது. பல கடைகள் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன, எங்கள் கடையும் தந்தது. ஆனாலும் அந்த வேலையின் களைப்பை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். களைப்பு ஒரு மனிதரை அவசரப்பட வைக்கும். இரண்டு தடவை கேட்டவரை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதை அது சரியாக்கிவிடாது. "இன்னும் இருபது நிமிடம் ஆகும், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல மூன்று வினாடி போதும். அந்த மூன்று வினாடி கிடைத்திருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போன் செய்து விருந்தாளிகளுக்கு வேறு ஏதாவது எடுத்து வைக்கச் சொல்லியிருப்பீர்கள். தகவல் தராமல் உங்கள் கையைக் கட்டிப்போட்டார்கள். அதுதான் பெரிய தவறு.

எங்கள் கடையில் ஒரு தடவை இதைவிட மோசமாக நடந்தது. ஒருவர் தன் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு முழு பிரிஸ்கெட் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். வார்மரில் அதன்மேல் பெயர் எழுதி ஒட்டியும் இருந்தது. மத்தியானக் கூட்டத்தில் யாரோ தாளை உரித்து வரிசைக்கு வெட்டிவிட்டார்கள். அவர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. எங்கள் மேனேஜர், அறுபது வயது மனுஷி, கையைத் துடைத்துக்கொண்டு கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தார். கவுன்டருக்கு உள்ளே இருந்து பேசவில்லை, அவர் பக்கத்தில் போய் நின்றார். "உங்கள் பிரிஸ்கெட்டை நாங்கள் விற்றுவிட்டோம். தவறு எங்களுடையது. என்னிடம் இப்போது ஒரு பன்றித் தோள் முழுசாக இருக்கிறது, நான்கு பவுண்டு பிரிஸ்கெட் வெட்டித் தர முடியும். இரண்டுக்கும் பணம் வேண்டாம். கட்டிய பணம் கார்டுக்குத் திரும்பி வரும்" என்றார். வெட்டி முடிக்கும்வரை அந்த வாடிக்கையாளர் நிற்கும்போது, பலகையில் இருந்து பிரிஸ்கெட்டின் கருத்த ஓரத்துண்டு ஒன்றைத் தாளில் வைத்து நான் நீட்டினேன். வரிசையில் நிற்பவர்களுக்கு அப்படி ஒரு துண்டு நீட்டுவது இங்கே பல கடைகளில் பழைய வழக்கம். அவர் அதை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் எங்களிடம்தான் ஆர்டர் கொடுத்தார்.

இப்போது பைக்குள் இருந்த தவறு. பீன்ஸ் விட்டுப்போனது கவனக்குறைவு. வான்கோழிக்குப் பதில் சாஸேஜ் வந்ததை நான் அதே எடையில் வைக்க மாட்டேன். டெக்சஸ் சாஸேஜில் மாட்டிறைச்சி சாதாரணம், மாடும் பன்றியும் கலந்ததும் நிறைய உண்டு. மூன்று பேருக்கு அன்றைக்குத் தட்டில் ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது. தெரியாமல் யாராவது வாயில் வைத்திருந்தால் அந்த வருத்தம் சும்மா போகாது. புகாரில் இதை முதல் வரியில் எழுதுங்கள். எழுதும்போது "வேறு பொருள் வந்தது" என்று விட்டுவிடாமல், "மதக் காரணத்தால் மாடும் பன்றியும் சாப்பிடாதவர்களுக்காகச் சொன்னது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உணவில் எது சேர்ந்திருக்கிறது என்ற விஷயத்தில் பொறுப்பான மேனேஜர் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பார்பிக்யூ கடை பீன்ஸைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள். பிரிஸ்கெட் நறுக்கலோ பன்றிக் கொழுப்போ போட்டு வேக வைப்பது வழக்கம். கீரையும் பச்சை பீன்ஸும் அப்படித்தான். வான்கோழி வெட்டும் பலகையும் கத்தியும் பெரும்பாலும் மாட்டிறைச்சி வெட்டியதேதான். பலகையைத் துடைத்து, கத்தியை மாற்றி, கையுறை மாற்றி வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் வெட்டிய காலத்தில் யாராவது அப்படிக் கேட்டால் மறுத்ததே இல்லை. ஆனால் ஆன்லைன் சீட்டில் குறிப்பாக எழுதினால் போதாது, கூட்ட நேரத்தில் அந்தச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. நேரில் வாயால் சொல்ல வேண்டும்.

ஆறிப்போன பிரிஸ்கெட் விஷயம் ருசியோடு நிற்பதில்லை. சூடாகப் பரிமாறும் இறைச்சியைக் கடையில் 135 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு விதித் தொகுப்பு சொல்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு 40 முதல் 140 டிகிரி வரையிலான இடைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது விவசாயத் துறையின் அறிவுரை. வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஹூஸ்டன் கோடையில் காரை நிறுத்திவிட்டு வேறு கடைக்குப் போனால் அந்த ஒரு மணி நேரம் காரிலேயே போய்விடும். பை கைக்கு வரும்போதே அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால், வெட்டி எங்கேயோ நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். அங்கேயே திருப்பிக் கொடுத்து மறுபடி வெட்டித் தரச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு விஷயத்துக்கு மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். தோட்டுக்கு உள்ளே ஓரமாக ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். வேகவில்லை என்று அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்கள் கடையிலேயே நிறையப் பேர். அது விறகுப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் மயோகுளோபினோடு சேர்ந்து உண்டாகிற நிறம். பன்னிரண்டு மணி நேரம் வெந்ததிலும் இருக்கும்.

எடையையும் பாருங்கள். பவுண்டு முப்பது டாலரையும் தாண்டி விற்கிற பொருள் இது, வெந்த பிறகு எடை போட்டுத்தான் விற்கிறார்கள். வரிசையில் நிற்பவர் தராசைக் கண்ணால் பார்க்கிறார். பார்சல்காரர் பார்ப்பதில்லை. டெக்சஸில் இந்தத் தராசை வைத்தே ஒரு சண்டை நடந்தது. உடனே சாப்பிடும் உணவை எடை போடும் தராசுகளுக்கு அரசின் சோதனை வேண்டாம் என்று 2017இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பார்பிக்யூ மசோதா என்றே அதற்குப் பெயர் விழுந்தது. விவசாய ஆணையர் சிட் மில்லர், கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடும் உணவுக்கு மட்டும்தான் விலக்கு என்று விதி எழுதினார். 2018இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் அந்த விதிக்கு எதிராகக் கருத்துச் சொன்னார். சட்டச் சண்டை எப்படியோ போகட்டும். "தராசில் வைப்பதை நான் பார்க்கலாமா?" என்று கேட்பது நாகரிகமான கேள்விதான். நேர்மையான கடை சந்தோஷமாகக் காட்டும். முன்பணம் கட்டிய ஆர்டரில் சில அவுன்ஸ் கூடவோ குறையவோ வரும், துண்டு அப்படித்தான் விழும். மூன்று பவுண்டுக்கு இரண்டரை வந்தால் சொல்லிவிட வேண்டும்.

அங்கேயே என்ன செய்திருக்கலாம் என்று கேட்டீர்கள். இருபது நிமிடம் தாண்டியதும் "எப்போது வரும்" என்று கேட்காமல், "என் ஆர்டரை வெட்ட ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "வரும்" என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல அவர் திரும்பிப் போய் சீட்டைப் பார்த்தாக வேண்டும். பாதி நேரம் அந்தப் பார்வையிலேயே தொலைந்த சீட்டு கிடைத்துவிடும். அதற்கும் பதில் இல்லை என்றால் மேனேஜரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் அடுப்புப் பக்கமோ வார்மர் பக்கமோ நிற்பார், கூப்பிட்டால்தான் வருவார். பை வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் ஒவ்வொன்றாகத் திறந்து சீட்டோடு ஒத்துப் பாருங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார் என்று கூச்சப்படாதீர்கள். தாளைப் பிரித்தால் சூடு போய்விடும் என்று தயங்கவும் வேண்டாம், முப்பது வினாடியில் ஒன்றும் போகாது. வான்கோழி வெளுப்பாக, அகலமாக இருக்கும். சாஸேஜ் உருளையாக இருக்கும். தாளை ஓரத்தில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தவறைச் சரிசெய்ய இறைச்சியும் கத்தியும் ஆளும் ஒரே இடத்தில் இருப்பது அந்த ஐந்து நிமிடம்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் கடையால் பணம் மட்டுமே திருப்பித் தர முடியும், சாப்பாட்டைத் தர முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. கடைக்கு மறுபடி போன் செய்யுங்கள், ஆனால் செவ்வாய் அல்லது புதன் மதியம் இரண்டரை, மூன்று மணி வாக்கில். திங்கட்கிழமை நிறைய பார்பிக்யூ கடைகளுக்கு விடுமுறை. மத்தியானக் கூட்டம் வடிந்த அந்த நேரத்தில்தான் மேனேஜர் நாற்காலியில் உட்காருவார். அதோடு மின்னஞ்சலும் போடுங்கள். ஆர்டர் எண், சொன்ன நேரம், கொடுத்த நேரம், வராத பொருள், மாறி வந்த பொருள், ரசீது, நீங்கள் எடுத்திருந்தால் படம். கவுன்டரில் இருந்தவர் நடந்துகொண்ட விதத்துக்கு இரண்டு வரி போதும். அதை மட்டும் நாலு பத்தி எழுதினால் படிப்பவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டுவதோடு விஷயத்தை முடித்துவிடுவார். சீட்டுகளைக் கவனிக்க ஆள் இல்லை என்று எழுதுங்கள், அதைச் சரிசெய்ய வேண்டியவர் மேனேஜர்தான். கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். "வான்கோழிக்கும் பீன்ஸுக்கும் கட்டிய பணத்தையும், டிப்பையும் கார்டுக்குத் திருப்பித் தரவும்." நியாயமான கோரிக்கை அது. நீங்கள் சாப்பிட்டு முடித்த உணவுக்கும் சேர்த்து முழுப் பணம் கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் மற்ற நியாயமும் பலம் இழந்துவிடும். கூப்பன் தருகிறோம் என்பார்கள். அந்தக் கடைக்குத் திரும்பப் போக மனம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கார்டுக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

பதிலே வரவில்லை என்றால் கிரெடிட் கார்டு இருக்கிறது. 1974இல் வந்த கடன் பில் தொடர்பான கூட்டாட்சிச் சட்டப்படி, சொன்னபடி வந்து சேராத பொருளுக்கான தொகையை நீங்கள் ஆட்சேபிக்கலாம். அந்தத் தொகை முதலில் வந்த கணக்கு அறிக்கை அனுப்பிய நாளில் இருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் கிடைத்தது என்று தெரிவித்து, இரண்டு பில் சுற்றுக்குள், அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இதை எடுத்த எடுப்பில் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தொகை திரும்பப் போவதோடு கடைக்குத் தனியாக அபராதக் கட்டணமும் விழும். ஒரு வாரம் அவகாசம் கொடுத்த பிறகு செய்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

விமர்சனம் எழுதுவதானால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், நேரத்தோடு. உண்மையான விமர்சனம் எழுதக்கூடாது என்று கடைகள் ஒப்பந்தத்தில் போடும் தடை செல்லாது என்று 2016இல் கூட்டாட்சிச் சட்டமே வந்திருக்கிறது. கவுன்டர் பெண்ணின் பெயரை மட்டும் போடாதீர்கள். அவர் அந்தக் கடையின் ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டு நிற்பவர், இணையத்தில் அந்தப் பெயர் வருடக்கணக்கில் நிற்கும்.

டிப் பற்றி. திரை 18, 20, 25 என்று காட்டினாலும் பார்சலுக்கு அது கடமை இல்லை. நான் பார்சல் கட்டியவன் என்பதால் சொல்கிறேன், பத்துப் பேருக்கான ஆர்டரைக் கட்ட இருபது நிமிடம் ஆகும். சாஸ் ஊற்றி மூடி, ஊறுகாயும் வெங்காயமும் தனியாக, ரொட்டி நசுங்காமல் மேலே. அதற்குப் பத்து சதவீதம் கொடுப்பது நல்ல மனசு. ஆனால் முன்கூட்டி ஆன்லைனில் கொடுக்காதீர்கள். பை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, கட்டிக் கொடுத்தவர் கையில் பணமாகக் கொடுங்கள்.

அடுத்த தடவை பத்துப் பேர் வருகிறார்கள் என்றால், சனிக்கிழமை மாலை ஆறு மணியை விட்டுவிடுங்கள். காலையில் இறங்கிய இறைச்சி முடியும் நேரமும், கூட்டம் ஏறும் நேரமும் அதுதான். ஒரு முழு பிரிஸ்கெட்டை வெட்டாமல் வேண்டும் என்று மூன்று நான்கு நாள் முன்னதாகச் சொல்லி, கடை திறக்கும் நேரத்தில் போய் எடுத்துவிடுங்கள். வெட்டுப் பலகைக்கு அது வரவே தேவையில்லை, வார்மரில் இருந்து நேராக உங்கள் கைக்கு வரும். தாளோடு ஒரு பழைய துண்டில் சுற்றி, காலியான ஐஸ் பெட்டியில் வைத்து மூடினால் மூன்று மணி நேரமாவது கை சுடும் சூட்டில் இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஓவன் அடுப்பை 150 டிகிரி பாரன்ஹீட்டில் போட்டு அதற்குள் வையுங்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு அரை பவுண்டு கணக்குப் போட்டால் மிஞ்சும், குறையாது.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு வெட்டுங்கள். மெலிந்த பக்கத்தில் இருந்து ஆரம்பித்து, தசை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, பென்சில் கனத்துக்கு. பாதி தாண்டியதும் கொழுப்பு அதிகமான மேட்டுப் பகுதி வரும். அங்கே நார் வேறு திசையில் ஓடும், அதனால் இறைச்சியைக் கால் வட்டம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கத்தியை வையுங்கள். திருப்பாமல் வெட்டினால் நார் நாராக வாயில் இழுக்கும். முதல் ஓரத்துண்டை அடுப்படியில் உங்களுக்கு உதவி செய்தவருக்குக் கொடுங்கள்.